பெட்டியைத் திறங்கள், தோழர்களே!

பெட்டியைத் திறங்கள். பரணில் கிடக்கும் பெட்டி. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்ட பெட்டி. வாடகை வீடு மாறும்போதெல்லாம் திட்டிக்கொண்டே தூக்கிச் சுமந்த பெட்டி. நம் இசைத்தட்டு லேபிள் அதற்குள்தான் கிடக்கிறது. மூச்சு இருக்கிறது. பேச்சு இல்லை.

இன்றே திறங்கள். பிள்ளைகள் படித்து முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேலையிலிருந்து ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். காத்திருக்க ஒலிநாடாவுக்குத் தெரியாது.

நாடா கெட்டுக்கொண்டிருக்கிறது, தோழர்களே. எழுபதுகளின் நடுவிலிருந்து ஸ்டுடியோக்களில் ஓடியது பெரும்பாலும் ஆம்பெக்ஸ் 456 போன்ற நாடா. ஒலியைத் தாங்கும் ஆக்சைடு துகளை நாடாவோடு பிடித்து வைத்திருப்பது ஒரு பசை. அந்தப் பசை காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது. ஆண்டுக்கணக்காகக் குடிக்கிறது. குடித்துக் குடித்துப் பிசுபிசுத்துப் போகிறது. அதை அப்படியே மெஷினில் மாட்டினால் கிறீச்சென்று கத்தும். கொஞ்ச தூரம் ஓடும். நின்றுவிடும். ஹெட்டைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் ஏதோ அப்பியிருக்கும். பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் ஒட்டி வருவதை அழுக்கு என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். அது டிரம்ஸ். அது பேஸ் கிட்டார். பதினேழு வயதில் தொண்டை கிழியக் கத்தினாளே ஒரு பெண், அது அவள் குரல்.

காப்பாற்றலாம். வழி இருக்கிறது. நாடாவைச் சூடாக்க வேண்டும். சுமார் 54 டிகிரி செல்சியஸ். எட்டு மணி நேரம், சில நாடாவுக்கு அதற்கும் மேல். பழங்களை உலர்த்தும் மின்பெட்டியை வைத்தே இதைச் செய்கிறவர்கள் உண்டு. ஆறிய பிறகு நாடா சில வாரங்கள் சொன்னபடி கேட்கும். அதற்குள் கணினியில் ஏற்றிவிட வேண்டும். விட்டால் மறுபடி பிசுபிசுப்பு. (வீட்டு அடுப்பில் முயலவேண்டாம். சூடு கட்டுக்குள் நிற்காது. பழைய அசிடேட் நாடாவை எந்தச் சூட்டிலும் வைக்கக் கூடாது. தெரிந்தவரிடம் கொடுங்கள்.)

ஒவ்வொரு மழைக்காலமும் நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஒவ்வொரு ஈரச் சுவரும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும்.

"எல்லாம்தான் இணையத்தில் கிடக்கிறதே, இனி நாடா எதற்கு?" என்கிறார்கள் சில தோழர்கள். கேட்கட்டும். பதில் சொல்வோம்.

மைஸ்பேஸ் நினைவிருக்கிறதா? ஒரு காலத்தில் கராஜில் வாசித்த அத்தனை குழுக்களும் அங்கேதான் குடியிருந்தன. 2019 மார்ச்சில் செய்தி வெளியே வந்தது. சர்வர் மாற்றும்போது பழைய கோப்புகள் அழிந்துவிட்டனவாம். சுமார் 5 கோடிப் பாடல்கள். சுமார் 1.4 கோடிக் கலைஞர்கள். பன்னிரண்டு ஆண்டு உழைப்பு. அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்றார்கள். அசௌகரியம்! பேருந்து தாமதமாக வந்தால் சொல்லும் சொல்.

ஸ்பாட்டிஃபையைப் பாருங்கள். 2024 தொடக்கத்திலிருந்து அங்கே ஒரு விதி. பன்னிரண்டு மாதத்தில் ஒரு பாடல் 1000 முறையாவது ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லையென்றால் ராயல்டி கிடையாது. குறைத்துத் தருவதில்லை. தருவதே இல்லை. அந்தப் பணம் ஆவியாகிப் போகிறதா? இல்லை. கோட்டைத் தாண்டிய பாடல்களின் பங்கோடு சேர்கிறது. 999 முறை கேட்டார்களா? சுழி. கேட்டவர்கள் மாதச் சந்தா கட்டியிருக்கிறார்கள். வாசித்தவர்கள் விரல் தேய வாசித்திருக்கிறார்கள். ஆனாலும் சுழி.

கோட்டுக்குக் கீழே நிற்பது யார்? நாம். எப்போதும் நாம்தான்.

அந்த நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டேனியல் ஏக்கின் முதலீட்டு நிறுவனம் 2021இல் ஹெல்சிங் என்ற ஆயுதத் தொழில்நுட்பக் கம்பெனியில் பணம் போட்டது. 2025இல் இன்னும் பெரிய தொகை. அந்த ஆண்டே டீர்ஹூஃப் குழு ஸ்பாட்டிஃபையை விட்டு வெளியேறியது. கிங் கிஸ்ஸார்ட் அண்ட் த லிஸார்ட் விஸார்ட் வெளியேறியது. வருமானத்தை விட்டுவிட்டுத்தான் வெளியேறினார்கள். நமக்கு அங்கே இழக்க வருமானம்கூட இல்லை. அப்படியும் ஏன் உட்கார்ந்திருக்கிறோம்?

பேண்ட்கேம்ப் நல்ல தளம். ஒப்புக்கொள்கிறேன். டிஜிட்டல் விற்பனையில் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். கொரோனா காலத்தில் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தங்கள் பங்கையும் விட்டுக்கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் வாடகை கட்டிய இசைக்கலைஞர்கள் எத்தனையோ பேர். ஆனால் 2022இல் அதை எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் கம்பெனி வாங்கியது. 2023இல் சாங்டிராடர் என்ற கம்பெனிக்குக் கைமாற்றியது. தொழிலாளர்கள் சங்கம் அமைத்த அதே ஆண்டு! கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வேலை போனது. அங்கே கடை வையுங்கள், தோழர்களே. வாடகை வீட்டில் குடியிருக்கலாம், தப்பில்லை. ஆனால் பத்திரத்தை அங்கே வைக்காதீர்கள்.

நாடா நம் கையில் இருக்க வேண்டும். பிரதி நம் கையில் இருக்க வேண்டும். கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் லேபிள்.

மறந்துவிட்டதா? நினைவூட்டுகிறேன்.

மான்செஸ்டர். 1976 டிசம்பர் 28. பஸ்காக்ஸ் குழு இண்டிகோ ஸ்டுடியோவுக்குள் நுழைகிறது. பெட்டியில் கைமாற்றாக வாங்கிய 500 பவுண்டு. கட்டுப்பாட்டு அறையில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். ஒரே நாள். நான்கு பாடல். லண்டன் கம்பெனி எதனிடமும் போய்க் கைகட்டி நிற்கவில்லை. நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு பெயரை வைத்துக்கொண்டார்கள். 1977 ஜனவரி முடியுமுன் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' வெளியே வந்துவிட்டது. முதலில் அடித்தது 1000. கடைசியில் விற்றது 16,000. உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், எதில் ஓவர்டப் இருக்கிறது என்று அச்சிட்டிருக்கிறார்கள். தொழில் ரகசியத்தை நடுத்தெருவில் போட்டு உடைத்தார்கள்!

அடுத்த ஆண்டு ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற லண்டன் குழு இன்னும் ஒரு படி போனது. ஸ்டுடியோவுக்கு இவ்வளவு, தட்டு அடிக்க இவ்வளவு, லேபிள் ஒட்ட இவ்வளவு. செலவுக் கணக்கையே உறையில் அச்சிட்டது. பார்த்தவன் கூட்டிப் பார்த்தான். பிறகு தானும் ஒரு தட்டு போட்டான்.

வாஷிங்டன். 1980. டீன் ஐடில்ஸ் குழு கலைந்துவிட்டது. இன்னும் பள்ளிப் பிள்ளைகள்போல் இருக்கிறார்கள். கச்சேரிகளில் சேர்ந்த 600 டாலர் மட்டும் பொதுவில் கிடக்கிறது. பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? பிரிக்கவில்லை. இல்லாத குழுவுக்கு இசைத்தட்டு போட்டார்கள். அதற்காகவே டிஸ்கார்ட் என்று ஒரு லேபிள் தொடங்கினார்கள். உறை அடிக்கப் பணம் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் ஏழு அங்குலத் தட்டின் உறையைப் பசை விட்டுப் பிரித்தார்கள். விரித்து வைத்து ஓரம் வரைந்தார்கள். அச்சடித்த தாளைக் கத்தரித்தார்கள். மடித்தார்கள். ஒட்டினார்கள். ஆயிரம் உறை. எல்லாம் கைவேலை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரலெல்லாம் பசை.

அந்த லேபிளுக்கு இன்றும் ஒப்பந்தப் பத்திரம் கிடையாது. வாக்குத்தான். செலவு போக வருவதில் பங்கு. நாற்பது ஆண்டைத் தாண்டியும் நிற்கிறது. நடக்காது என்று சொல்லும் அறிவாளிகளிடம் இதைச் சொல்லுங்கள்.

லண்டனின் சவுத்ஹால். 1979. இதை மெதுவாகப் படியுங்கள், தோழர்களே. மிஸ்டி இன் ரூட்ஸ் என்பது ரெக்கே குழு. கறுப்பின இளைஞர்கள். பீப்பிள் யுனைட் என்பது அவர்களுடைய கூட்டுறவு. அதே பெயரில் லேபிள். த ரட்ஸ் என்ற வெள்ளைக்கார பங்க் குழுவுக்கு முதல் தட்டு யார் போட்டது தெரியுமா? அவர்கள்தான். 'இன் எ ரட்' அந்த லேபிளில்தான் வந்தது. ரெக்கே லேபிள் பங்க் குழுவைத் தோளில் தூக்கியது. இரண்டும் இனவெறிக்கு எதிராக ஒரே மேடையில் ஏறின.

ஏப்ரல் 23. நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி, ஆசிய மக்கள் நிறைந்த அந்த ஊரின் டவுன்ஹாலிலேயே கூட்டம் போட வந்தது. ஊர் திரண்டது. போலீஸ் பாய்ந்தது. பிளேர் பீச் என்ற ஆசிரியர் போலீஸ் அடியில் உயிரிழந்தார். பீப்பிள் யுனைட் இயங்கிய வீட்டுக்குள்ளும் போலீஸ் புகுந்தது. மிஸ்டியின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கரின் மண்டை உடைந்தது. ஒலிக் கருவிகளை நொறுக்கினார்கள். ஆம்ப்ளிஃபயரை எதற்கு அடிக்க வேண்டும்? அது கல் எறிந்ததா?

ஒரு சின்ன லேபிளின் வலு என்ன என்று லத்தி பிடித்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லையா?

இன்று நம் கருவியை யாரும் உடைக்கவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. நாமே மூடி வைத்திருக்கிறோம். நாமே வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறோம்.

மௌனம் என்றதும் கிராஸ் குழு நினைவுக்கு வருகிறது. 1978இல் அவர்களின் முதல் பதிவை அயர்லாந்தில் ஓர் ஆலையில் அடிக்கக் கொடுத்தார்கள். மத நிந்தனை என்று சொல்லி முதல் உருப்படியை அடிக்க ஆலை மறுத்தது. மறுத்தவர்கள் தொழிலாளர்கள். நமக்கு உறுத்தும் உண்மைதான், சொல்லித்தான் ஆகவேண்டும். கிராஸ் என்ன செய்தது? அந்த இடத்தை வெறுமையாகவே விட்டது. ஓசையே இல்லாமல் தட்டு சுழன்றது. அந்த வெறுமைக்கு 'பேச்சுரிமையின் ஓசை' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தது. பிறகு சொந்த லேபிள் தொடங்கியது. இதற்கு மேல் காசு கொடுக்காதே என்று விலையை உறையிலேயே அச்சிட்டது. கடைக்காரன் கூட்டி விற்க வழியில்லை.

அவர்களின் மௌனம் குற்றஞ்சாட்டியது. நம் மௌனம் யாருக்குச் சாமரம் வீசுகிறது?

இனி ஒரு கசப்பான சங்கதி. கசந்தாலும் விழுங்குங்கள்.

தட்டு அடிக்கும் முன் கணக்கைத் திறங்கள்.

கலிஃபோர்னியாவில் லுக்அவுட் என்று ஒரு லேபிள். 1987இல் தொடங்கியது. ஆபரேஷன் ஐவி குழு அங்கே. கிரீன் டேயின் முதல் இரண்டு ஆல்பங்கள் அங்கே. பணம் கொட்டியது. விரித்தார்கள். மேலும் விரித்தார்கள். குழுக்களுக்குச் சேரவேண்டிய ராயல்டி மட்டும் போய்ச் சேரவில்லை. 2005இல் கிரீன் டே தன் ஆல்பங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மற்ற குழுக்களும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டன. 2012இல் கதவு சாத்தப்பட்டது. எந்தப் பெரிய கம்பெனியும் அதைக் கொல்லவில்லை. கணக்கு கொன்றது.

ஆகவே, கணக்கு. முதல் வேலை கணக்கு. பாடல் பாடியவர்களைத் தேடுங்கள். கண்டுபிடியுங்கள். கடிதம் போடுங்கள். நேரில் போங்கள். எத்தனை விற்றது, எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு பாக்கி. எழுதிக் காட்டுங்கள். தட்டு போட்ட காலத்தில் டிஜிட்டல் என்று ஒன்று கிடையாது. அதற்கு யாரும் அனுமதி தரவில்லை. கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் நாடாவைத் திருப்பிக் கொடுங்கள். சூடாக்கி, கணினியில் ஏற்றி, செலவையும் நாமே ஏற்று, கொடுங்கள். வாதாடாதீர்கள். அவர்களின் குரல் அவர்களுடையது.

ஒவ்வொரு பாடலுக்கும் பெயர்களை எழுதுங்கள். டிரம்ஸ் யார்? பின்குரல் யார்? உறை வரைந்தது யார்? செல்போன் திரையில் ஒரு சதுரப் படம் மட்டும் வருகிறது. அந்தச் சதுரத்துக்குள் எத்தனை பேரைப் புதைத்திருக்கிறார்கள்! தோண்டி எடுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண் வாங்குங்கள். அது இல்லாத பாடல் வானொலியில் ஓடினாலும் காசு வழிதவறிப் போகும். சலிப்பான வேலைதான். புரட்சியில் பாதி சலிப்பான வேலை.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பழம்பெருமைப் பொறி. ஊதா நிறத் தட்டு, எண் போட்ட பிரதி, முப்பது பவுண்டு விலை, அலமாரியில் வைத்துப் படம் எடுக்க ஒரு பொருள். அந்த வியாபாரத்துக்கு நாம் வேண்டாம். அதற்குப் பெரிய கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன. பதினாறு வயதுப் பிள்ளை மதிய உணவுக் காசில் வாங்க முடியாத பங்க் தட்டு யாருக்கு? பழைய நாடாவுக்கு ஒரு கை கொடுங்கள். மறு கையை இன்று கராஜில் வாசிக்கிறவர்களுக்கு நீட்டுங்கள். பழையது ஒன்று போட்டால் புதியது ஒன்று போடுவோம். அப்படிச் செய்ய முடியாவிட்டால் லேபிள் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், அருங்காட்சியகம் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம்.

டிஜிட்டல் நம் எதிரியா? அதை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஃபுகாஸி குழுவைப் பாருங்கள். ஐந்து டாலர் டிக்கெட்டுக்கு வாசித்தவர்கள். ஆயிரத்தை ஒட்டிய கச்சேரிகள். அதில் எண்ணூறுக்கு மேல் ஒலிநாடாவில் இருந்தது. 2011 முதல் அவற்றைத் தங்கள் தளத்திலேயே ஏற்றினார்கள். ஒரு கச்சேரிக்கு ஐந்து டாலர். முடியாதவர் ஒரு டாலர் கொடு. முடிந்தவர் நூறு கொடு. சுதி தப்பிய இரவையும் ஏற்றினார்கள். ஒளிக்கவில்லை. இடையில் தரகன் இல்லை. விளம்பரம் இல்லை. உனக்கு அடுத்து என்ன பிடிக்கும் என்று காதுக்குள் ஓதும் அல்காரிதம் இல்லை.

நாமும் செய்வோம். சொந்தத் தளம். சொந்தக் கடை. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதி, மூன்று இடத்தில், மூன்று தோழர்களின் பொறுப்பில். ஏன் மூன்று? 2011 ஆகஸ்டில் வடக்கு லண்டனின் என்ஃபீல்டில் ஒரு கிடங்கு எரிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட சுதந்திர லேபிள்களின் சரக்கு அதே கூரைக்குக் கீழே இருந்தது. ஒரே இரவில் எல்லாம் சாம்பல். அதனால்தான் மூன்று.

பணம்? உண்டியல் குலுக்குவோம். வெட்கம் என்ன? முன்கூட்டிப் பணம் கட்டும் முந்நூறு பேர் கிடைத்தால் முந்நூறு தட்டு அடிக்கலாம். கடன் வேண்டாம். முதலாளி வேண்டாம். என்ன செலவானது என்று உறையில் அச்சிடுவோம். விலையையும் அச்சிடுவோம்.

உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. தெரியும். எல்லாருக்கும் இருக்கிறது. முதுகு வலிக்கிறது. தெரியும். இந்தக் காலத்தில் யார் இசைத்தட்டு கேட்கிறார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். அதுவும் தெரியும்.

வேறு யாராவது செய்வார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வேறு யாராவது நாம்தான். அன்றும் நாம்தான். இன்றும் நாம்தான்.

வாருங்கள். இந்தச் சனிக்கிழமை காலை வாருங்கள். நாடா இருக்கிறவர்கள் நாடாவோடு. பழைய ரசீது இருக்கிறவர்கள் ரசீதோடு. பெயர் நினைவிருக்கிறவர்கள் நினைவோடு. ஒன்றும் இல்லாதவர்கள் கத்தரிக்கோலோடும் பசையோடும் வாருங்கள். காலையில் கணக்கு. மதியம் நாடாக்களைப் பிரித்து எழுதுகிறோம், எது அவசரம், எது காத்திருக்கும் என்று. சாயங்காலம் புதிய குழு ஒன்று வாசிக்கிறது. நால்வர். மூத்தவளுக்குப் பத்தொன்பது. இதுவரை எதிலும் பதிவானதில்லை. அவர்கள் வாசிப்பதை அன்றே பதிவு செய்கிறோம். அதுதான் நம் அடுத்த வெளியீடு.

நுழைவு ஐந்து பவுண்டு. இல்லாதவர்க்கு இலவசம். ஒலிப்பதிவுக்கு ஆள் இருக்கிறது. டீ போட ஆள் இருக்கிறது. வாசலில் உண்டியல் பிடிக்க ஆள் இல்லை.

யார் வருகிறீர்கள்? கையைத் தூக்குங்கள்!